பணிக்காகச் சென்னைக்குக் குடிபெயர்வோரின் வசிப்பிடத் தேர்வு: பாடியும் சுற்றுப்புறமும்

வசிப்பிடத் தேர்வு என்பது வேலையின் பொருட்டுப் புதிய நகரத்துக்குச் செல்லும் ஒருவர், அந்நகரின் எப்பகுதியில், எத்தகைய தங்குமிடத்தில், எந்த நிபந்தனைகளின் பேரில் குடியேறுவது என்று முடிவு செய்வதாகும். வாடகை, பயண நேரம், முன்பணம், குடிநீர், வெள்ள அபாயம், பாதுகாப்பு, அக்கம்பக்கத்தாரின் ஏற்பு ஆகியவை இம்முடிவைத் தீர்மானிக்கின்றன. பெரும்பாலோர் வேலையில் சேரும் நாளுக்குச் சில நாட்கள் முன்னதாகவே நகருக்கு வருவதால், ஓராண்டுக்கு மேல் விளைவு தரக்கூடிய இம்முடிவு இரண்டு மூன்று நாட்களில் எடுக்கப்படுகிறது. முன்பணம் கொடுத்த பின் தவறு தெரியவந்தால் அதைத் திருத்துவது கடினம். இக்கட்டுரை சென்னையின் மேற்குப் பகுதியிலுள்ள பாடியையும் அதைச் சூழ்ந்த இடங்களையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு இத்தேர்வை விளக்குகிறது.

பாடி: அமைவிடமும் தொழில்களும்

தமிழில் பாடி என்னும் சொல் ஊர், குடியிருப்பு, படை தங்குமிடம் ஆகிய பொருள்களைத் தரும். முல்லை நிலத்து ஊர்களும் பாடி எனப்பட்டன. சென்னைப் பாடியின் பழம்பெயர் திருவலிதாயம். இங்குள்ள திருவல்லீசுவரர் கோயில் திருஞானசம்பந்தரின் பாடல் பெற்ற தலமாகும். இன்றும் குருப்பெயர்ச்சி நாளில் இக்கோயிலில் பெருங்கூட்டம் கூடும்.

இப்பழைய ஊர் 1960களில் தொழிற்பகுதியாக மாறியது. டி.வி.எஸ். குழுமத்தைச் சார்ந்த லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா, வீல்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன், சுந்தரம் ஃபாசனர்ஸ் ஆகிய வாகன உதிரிபாக நிறுவனங்கள் பாடியில் ஆலைகளை அமைத்தன. மேற்கே அம்பத்தூர் தொழிற்பேட்டை அதே பத்தாண்டில் உருவானது. கிழக்கே, பெரம்பூர் – வில்லிவாக்கம் பகுதியில், இரயில் பெட்டித் தொழிற்சாலை (ஐ.சி.எப்.) 1955 அக்டோபர் 2 அன்று தொடங்கப்பட்டது. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை உள்ளிட்ட பாதுகாப்புத் துறை ஆலைகள் இயங்குகின்றன. பிற்காலத்தில் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களும் வந்தன. இதனால் ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் முடித்துத் தொழிற்பழகுநராக வருபவர், பொறியாளர், கணினித் துறையினர், வடமாநிலத் தொழிலாளர் எனப் பல வருமான நிலைகளில் உள்ளோர் ஒரே பகுதியில் வீடு தேடுகின்றனர்.

நிர்வாக முறையில் பாடி, அம்பத்தூர் நகராட்சியில் இருந்தது. 2011இல் அந்நகராட்சி சென்னை மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டு, அம்பத்தூர் மண்டலமாயிற்று. ஆவடி 2019இல் தனி மாநகராட்சியானது.

வாடகையும் தொலைவும்

நகர மையத்துக்கு அருகே வாடகை கூடுவதும் விலகிச் செல்லச் செல்லக் குறைவதும் ஏன் என்பதை அமெரிக்கப் பொருளியலாளர் வில்லியம் அலோன்சோ 1964இல் ஒரு கோட்பாடாக விளக்கினார். செருமனியைச் சேர்ந்த ஃபான் தூனன் 1826இல் சந்தைக்கும் விளைநிலத்துக்கும் இடையிலான தொலைவு குறித்து எழுதியதே இதற்கு அடிப்படை. மக்கள் வாடகையையும் பயணச் செலவையும் ஒன்றுக்கொன்று ஈடாக மாற்றிக் கொள்கின்றனர் என்பது இதன் சாரம். தொலைவில் மலிவாகக் கிடைக்கும் வீடு உண்மையில் மலிவானதல்ல. வாடகையில் குறைந்த தொகையின் ஒரு பகுதி பயணச்சீட்டாகவும் மறுபகுதி நேரமாகவும் செலுத்தப்படுகிறது.

சென்னைக்கு இக்கோட்பாடு ஒரு திருத்தத்துடனேயே பொருந்தும். இங்கு வேலையிடங்கள் ஒரே மையத்தில் இல்லை. அம்பத்தூர், கிண்டி, பழைய மாமல்லபுரம் சாலை, திருப்பெரும்புதூர் – ஒரகடம் எனப் பல மையங்கள் உள்ளன. ஆகவே "பாடி நல்ல இடமா?" என்ற கேள்விக்குப் பொதுவான விடை இல்லை. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பணிபுரிபவருக்கு அது நடந்தோ மிதிவண்டியிலோ செல்லும் தொலைவு. சோழிங்கநல்லூரில் பணிபுரிபவருக்கு நகரின் மறுகோடி.

வருமானத்தில் 30 விழுக்காட்டுக்கு மேல் வாடகைக்குச் செலவிடக் கூடாது என்ற விதி பரவலாகச் சொல்லப்படுகிறது. இது அமெரிக்கப் பொதுக் குடியிருப்புகளின் வாடகை வரம்பிலிருந்து வந்தது. அங்கு 1969இல் 25 விழுக்காடாக இருந்த வரம்பு 1981இல் 30 ஆக உயர்த்தப்பட்டது. இவ்விதி பயணச் செலவைக் கணக்கில் கொள்வதில்லை. ஊருக்குப் பணம் அனுப்பும் கடமையையும் கொள்வதில்லை. எனவே வாடகை, பயணம், வீட்டுக்கு அனுப்பும் தொகை ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்ப்பதே தமிழகச் சூழலுக்குப் பொருந்தும்.

ஒரு மாதிரிக் கணக்கு

மாதம் 18,000 ரூபாய் ஊதியத்தில் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் சேரும் ஒருவரைக் கற்பனையாகக் கொள்ளலாம். பாடியில் இருவர் பகிரும் அறையில் அவர் பங்கு 5,500 ரூபாய் எனவும், பட்டாபிராமில் அதே வசதி 3,000 ரூபாய் எனவும் வைத்துக்கொண்டால் மிச்சம் 2,500 ரூபாய். இரயில், பேருந்துக்குக் கூடுதலாக 400 ரூபாய் ஆகுமெனில் நிகர மிச்சம் 2,100 ரூபாய்.

ஒரு வழிக்கு 45 நிமிடம் கூடினால் நாளொன்றுக்கு ஒன்றரை மணி நேரம். 25 வேலை நாட்களுக்கு அது 37.5 மணி நேரமாகும். அதாவது ஒரு மணி நேரத்தை 56 ரூபாய்க்கு அவர் விற்கிறார். நாளுக்கு எட்டு மணி நேரமாக 200 மணி நேரம் உழைத்துப் பெறும் ஊதியம் மணிக்கு 90 ரூபாய். சட்டப்படி மிகைநேரப் பணிக்கு இரு மடங்கு ஊதியம் உண்டு. மிகைநேரப் பணி கிடைக்கும் ஆலையில் அவர் வேலைசெய்தால், அருகில் தங்குவதே இலாபம். அத்தகைய வாய்ப்பே இல்லாத தொழிற்பழகுநருக்குக் கையில் மிஞ்சும் 2,100 ரூபாய் பெரிது. ஆகவே தொலைவில் தங்குவது அவருக்குத் தவறான முடிவாகாது. கணக்கின் விடை நபருக்கு நபர் மாறும். எந்த விலைக்கு எதை விற்கிறோம் என்பதை முன்கூட்டியே அறிவதே இக்கணக்கின் பயன்.

முறைப்பணி (ஷிப்டு) உள்ளவர்கள் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். இரண்டாம் முறை இரவு முடியும் நேரத்தில் இரயிலோ பேருந்தோ கிடைக்குமா, நிறுவனப் பேருந்து எந்த நிறுத்தம் வரை வரும் என்பதைப் பணியாணை வந்த உடனே மனிதவளப் பிரிவில் கேட்டறிய வேண்டும். திருப்பெரும்புதூர், ஒரகடம் ஆலைகளுக்குச் செல்வோர் பலர் நிறுவனப் பேருந்தையே நம்பியிருப்பதால், அவர்களுக்கு இரயில் நிலையத்தைவிட அப்பேருந்து நிற்கும் இடமே முக்கியம்.

போக்குவரத்து

பாடி மேம்பாலம் நூறடிச் சாலை எனப்படும் உள்வட்டச் சாலையும் சென்னை – திருவள்ளூர் நெடுஞ்சாலையும் (எம்.டி.எச். சாலை) சந்திக்கும் இடமாகும். தெற்கே திருமங்கலம், கோயம்பேடு, வடபழனி, கிண்டியும், வடகிழக்கே இரட்டேரி, மாதவரமும், மேற்கே அம்பத்தூர், ஆவடியும் சாலைவழி இணைகின்றன.

இப்போது பாடிக்கெனப் பயணிகள் இரயில் நிலையம் இல்லை. சென்னை சென்ட்ரல் – அரக்கோணம் வழித்தடத்திலுள்ள வில்லிவாக்கமும் கொரட்டூரும் அருகிலுள்ள நிலையங்கள். அத்தடத்தில் வில்லிவாக்கத்துக்கு மேற்கே கொரட்டூர், பட்டரவாக்கம், அம்பத்தூர், திருமுல்லைவாயில், அன்னனூர், ஆவடி என நிலையங்கள் வரிசையாக அமைகின்றன. தொழிற்பேட்டையின் வடபகுதிக்குப் பட்டரவாக்கம் நெருக்கமானது. மெட்ரோ இரயிலுக்குத் திருமங்கலம் செல்ல வேண்டும். அந்நிலையம் 2017 மே மாதம் திறக்கப்பட்டது. இரண்டாம் கட்ட மெட்ரோவின் மாதவரம் – சோழிங்கநல்லூர் தடம் வில்லிவாக்கம், திருமங்கலம், கோயம்பேடு வழியாகத் திட்டமிடப்பட்டுள்ளது. கட்டுமானத்திலுள்ள தடத்தை நம்பி இன்றே கூடுதல் வாடகை கொடுப்பது வாடகைதாரருக்குப் பயனளிக்காது. தடம் திறந்தபின் வாடகையும் உயரும்.

மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் 2021 மே முதல் பெண்கள் கட்டணமின்றிப் பயணிக்கலாம். இதனால் ஒரே குடும்பத்தில் கணவனுக்கும் மனைவிக்கும் பயணச் செலவுக் கணக்கு வேறுபடும். இருவரும் வேலைக்குச் செல்லும் வீடுகளில் கட்டணம் செலுத்துபவரின் பணியிடத்துக்கு அருகே தங்குவது மிச்சம் தரலாம். தென்மாவட்டங்களுக்குச் செல்லும் தொலைதூரப் பேருந்துகள் 2023 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் முனையத்துக்கு மாறியதால், அடிக்கடி ஊர் செல்வோர் அப்பயணத்தையும் கணக்கிட வேண்டும். முன்பு பாடிக்கு அருகிலிருந்த கோயம்பேடு தந்த வசதி இப்போது இல்லை.

சூழ்ந்துள்ள பகுதிகள்

பாடியில் பழைய ஊர்த் தெருக்கள், ஒட்டுக் குடித்தன வீடுகள், புதிய அடுக்ககங்கள் ஆகிய மூன்றும் கலந்துள்ளன. நெடுஞ்சாலையை ஒட்டிய பெரிய வணிக நிலையங்களால் பண்டிகைக் காலங்களில் நெரிசல் மிகும். நெடுஞ்சாலை முகப்பு வீடுகளில் இரைச்சலும் தூசியும் அதிகம்.

அண்ணா நகர் 1968 உலக வணிகக் கண்காட்சியைத் தொடர்ந்து வளர்ந்த திட்டமிட்ட நகர்ப்பகுதி. அகன்ற சாலைகளும் பள்ளி, மருத்துவமனை வசதிகளும் உள்ளதால் வாடகை அதிகம். முகப்பேர் வீட்டுவசதி வாரியத் திட்டமாக வளர்ந்த பகுதி. நடுத்தரக் குடும்பங்கள் மிகுதி. ஆனால் இரயில் நிலையம் அருகில் இல்லை. கொரட்டூரில் இரயில் நிலையமும் வீட்டுவசதி வாரியக் குடியிருப்பும் உள்ளன. வில்லிவாக்கம் பழைய குடியிருப்புப் பகுதி. சென்ட்ரல் பக்கம் வேலைக்குச் செல்வோருக்கு ஏற்றது. திருமுல்லைவாயில், ஆவடி, பட்டாபிராம் ஆகியவை வாடகை குறைந்த, இரயிலைச் சார்ந்த பகுதிகள். பூந்தமல்லி இத்தடத்தில் இல்லை. திருப்பெரும்புதூர் பக்கம் வேலை உள்ளவர்களுக்கு அது பொருந்தும்.

தங்குமிட வகைகள்

முதல் மாதத்துக்கு விடுதி அல்லது பகிர்வு அறை பொருத்தமானது. முன்பணம் குறைவு. பிடிக்காவிட்டால் மாறிக்கொள்ளலாம். பெண்கள் தங்கும் விடுதிகள், தமிழ்நாடு பெண்கள் மற்றும் குழந்தைகளுக்கான விடுதிகள் மற்றும் இல்லங்கள் (ஒழுங்குமுறை) சட்டம், 2014இன்படி உரிமம் பெற்றிருக்க வேண்டும். சேருமுன் அவ்வுரிமத்தைக் காட்டும்படி கேட்பது தங்குபவரின் உரிமை. ஒரு அறைக்கு எத்தனை கட்டில், கழிப்பறை எத்தனை பேருக்கு, இரவுப் பணி முடிந்து வருபவருக்குக் கதவு திறக்கப்படுமா, விலகும்போது எத்தனை நாள் முன்னறிவிப்பு ஆகியவற்றை எழுத்தில் பெறுவது நல்லது.

அடுத்தது வாடகை வீடு. குடும்பத்துடன் வருவோரும் மூன்று நான்கு பேராகச் சேர்ந்து தங்குவோரும் இதை நாடுகின்றனர். மூன்றாவது ஒத்தி அல்லது போக்கியம். சென்னையில் இது லீசு எனப்படுகிறது. சில இலட்சம் ரூபாயை மொத்தமாகக் கொடுத்து மாத வாடகையின்றிக் குடியிருந்து, காலம் முடிந்ததும் தொகையைத் திரும்பப் பெறும் முறை இது. வாழ்நாள் சேமிப்பை ஒரே நபரிடம் ஒப்படைப்பதால் இதில் ஆபத்தும் அதிகம். வீட்டு உரிமையாளரிடம் மாத வாடகைக்கு எடுத்து, குடியிருப்பவரிடம் ஒத்தித் தொகை வாங்கும் இடைத்தரகர்கள் வாடகையை நிறுத்திவிட்டால், குடியிருப்பவர் வீட்டையும் பணத்தையும் இழக்க நேரிடும். வீடு வங்கிக் கடனில் இருந்து கடன் நின்றுபோனாலும் இதே நிலைதான். எனவே பதிவுத் துறையின் இணையதளத்தில் வில்லங்கச் சான்று பார்க்க வேண்டும். உரிமையாளருடன் நேரடியாக ஒப்பந்தம் செய்ய வேண்டும். தொகையை வங்கி வழியாக உரிமையாளர் கணக்கிலேயே செலுத்த வேண்டும். ஆவணத்தையும் பதிவு செய்ய வேண்டும்.

முன்பணமும் சட்டமும்

சென்னையில் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது நெடுங்கால வழக்கம். 8,000 ரூபாய் வாடகைக்கு அது 80,000 ரூபாய். வேலைக்குச் சேரும்போது கையில் அத்தொகை இல்லாதவர் நூற்றுக்கு இரண்டு வட்டிக்குக் கடன் வாங்கினால் மாத வட்டி மட்டும் 1,600 ரூபாய். அவருக்கு உண்மையான வாடகை 9,600 ரூபாயாகிறது. மூன்று மாத முன்பணமெனில் கடன் 24,000 ரூபாய், வட்டி 480 ரூபாய். ஆக 9,000 ரூபாய் வாடகையும் மூன்று மாத முன்பணமும் கேட்கும் வீடு, 8,000 ரூபாய் வாடகையும் பத்து மாத முன்பணமும் கேட்கும் வீட்டைவிடக் கடன் வாங்குபவருக்கு மலிவானது. இதற்கு வட்டியையும் சேர்த்து மாதம் 9,540 ரூபாய்தான்.

1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக, தமிழ்நாடு சொத்து உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள் மற்றும் பொறுப்புகளை ஒழுங்குமுறைப்படுத்தும் சட்டம், 2017 இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. வாடகை ஒப்பந்தம் எழுத்துவடிவில் இருக்க வேண்டும் எனவும், அது வாடகை அதிகார அமைப்பிடம் பதிவு செய்யப்பட வேண்டும் எனவும் இச்சட்டம் கூறுகிறது. வேறுவிதமான உடன்பாடு இல்லாத நிலையில் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படக் கூடாது. வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், முறையான பிடித்தங்கள் போக, அதைத் திருப்பித் தர வேண்டும். குடிநீர், மின்சாரம் போன்ற இன்றியமையாத வசதிகளை உரிமையாளர் நிறுத்தக் கூடாது.

"வேறுவிதமான உடன்பாடு இல்லாத நிலையில்" என்ற சொற்களைக் கவனிக்க வேண்டும். பத்து மாத முன்பணத்துக்கு ஒப்புக்கொண்டு கையொப்பமிட்டவர் பின்னர் மூன்று மாத வரம்பைச் சுட்டிக்காட்டி வாதிடுவது கடினம். பேச்சு கையொப்பத்துக்கு முன்பே நடக்க வேண்டும். மேலும், 11 மாத ஒப்பந்தம் எழுதும் பழைய வழக்கம் தொடர்கிறது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும் என்ற 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்ட விதியைத் தவிர்க்கவே அவ்வழக்கம் தோன்றியது. 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியான பதிவுக்கு இக்கால அளவு விலக்கல்ல.

வெள்ளையடித்தல், வண்ணம் பூசுதல் என்று முன்பணத்தில் பிடிப்பதே அதிகம் சச்சரவு தரும் இடம். எவ்வளவு பிடிக்கப்படும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுவதும், குடிபுகும் நாளில் சுவர், குழாய், கதவு, மின்விசிறி ஆகியவற்றைப் படமெடுத்து உரிமையாளருக்கு அனுப்பி வைப்பதும் இதற்குத் தீர்வு.

நீர், வெள்ளம், மின்சாரம்

பாடியைச் சுற்றி அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, இரட்டேரி ஆகிய நீர்நிலைகள் உள்ளன. ஓட்டேரி நல்லா எனப்படும் கால்வாய் பாடிப் பகுதியில் தொடங்கி வில்லிவாக்கம், அயனாவரம் வழியாகச் சென்று பேசின் பாலம் அருகே பக்கிங்காம் கால்வாயில் கலக்கிறது. ஏரிகளின் உபரிநீர் செல்லும் வழியிலும் தாழ்ந்த இடங்களிலும் உள்ள தெருக்களில் பெருமழையின்போது நீர் தேங்கும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் கொரட்டூரும், 2023 டிசம்பர் மிக்சாம் புயலில் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் நீரில் மூழ்கின. பின்னதில் ஆலைகளுக்குள் நீர் புகுந்து இயந்திரங்கள் சேதமடைந்தன.

இதே பகுதி வறட்சியையும் கண்டுள்ளது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வற்றியபோது, சோலையார்பேட்டையிலிருந்து 25 இலட்சம் லிட்டர் நீருடன் 50 பெட்டிகள் கொண்ட இரயில் சூலை 12 அன்று பாடிக்கு அடுத்துள்ள வில்லிவாக்கம் நிலையத்துக்கே வந்தது.

ஆகவே வீட்டைக் கோடையில் பார்ப்பவர் மழைக்காலத்தைப் பற்றியும், மழைக்காலத்தில் பார்ப்பவர் கோடையைப் பற்றியும் கேட்க வேண்டும். உரிமையாளரைவிட எதிர்வீட்டார், தெருமுனை மளிகைக்கடைக்காரர், இஸ்திரி போடுபவர் ஆகியோரின் விடை நம்பகமானது. "2023 புயலில் தண்ணீர் எந்தப் படி வரை வந்தது?", "மே மாதம் லாரித் தண்ணீர் வாங்கினீர்களா, யார் பணம் கொடுத்தார்கள்?" என்ற இரு கேள்விகள் போதும். தரைத்தள வீடு எனில் சுவரின் அடிப்பகுதியில் நீர்க்கறை, உப்புப் பூத்தல், புதிதாகப் பூசிய பட்டை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

மின்சாரத்தைப் பொறுத்தவரை, தமிழகத்தில் வீட்டு இணைப்புக்கு இரு மாதங்களுக்கு ஒருமுறை கணக்கெடுத்து முதல் 100 அலகுகள் கட்டணமின்றித் தரப்படுகின்றன. பல குடித்தனங்களுக்கு ஒரே இணைப்பு இருந்தால் இச்சலுகை தனித்தனியே கிடைக்காது. பயன்பாடு கூடிக் கட்டணப் படிநிலையும் உயரும். சில உரிமையாளர்கள் துணை மீட்டர் வைத்து அலகுக்கு இவ்வளவு எனத் தாமே வசூலிப்பர். வீட்டுக்குத் தனி மின் இணைப்பு உண்டா என்பதை வாடகை பேசும்போதே கேட்பது மாதச் செலவில் கணிசமான வேறுபாட்டைத் தரும்.

வீடு மறுக்கப்படுதல்

வீடு தேடுவோரில் அனைவருக்கும் ஒரே சந்தை கிடைப்பதில்லை. திருமணமாகாத ஆண்கள், தனியே வாழும் பெண்கள், வடமாநிலத்தவர், அசைவம் உண்போர், சில சாதி, சமயத்தினர் என்று காரணம் சொல்லியும் சொல்லாமலும் வீடு மறுக்கப்படுகிறது. "குடும்பத்துக்கு மட்டும்", "சைவம் மட்டும்" என்ற வாசகங்கள் வெளிப்படையானவை. ஊர், தெரு, குடும்பப் பெயர் விசாரிப்பு மறைமுகமானது. இவ்வாறு மறுக்கப்படுவோர் கிடைத்த வீட்டுக்குக் கூடுதல் வாடகையும் முன்பணமும் கொடுக்க நேர்கிறது. அல்லது தொழிற்பேட்டையை ஒட்டிய நெருக்கமான வரிசை அறைகளில் பலராகத் தங்குகின்றனர்.

இச்சிக்கலை நல்ல வீடு தேடும் உத்தியால் தனிநபர் தீர்த்துவிட முடியாது. நிறுவனங்களே விடுதி அமைப்பதும் அரசு பணியாளர் விடுதிகளைப் பெருக்குவதும் இதற்குத் துணை செய்யும். தனிநபர் அளவில், ஏற்கெனவே அப்பகுதியில் வசிக்கும் சக பணியாளரின் அறிமுகமே தரகரைவிடப் பயனுள்ளதாக இருக்கிறது. சென்னையில் தரகர் பொதுவாக ஒரு மாத வாடகையைக் கூலியாகப் பெறுவதால், இவ்வறிமுகம் அச்செலவையும் மிச்சப்படுத்துகிறது.

முடிவெடுக்கும் முறை

முதல் மாதத்தைப் பணியிடத்துக்கு அருகிலுள்ள விடுதியிலோ உறவினர், நண்பர் வீட்டிலோ கழித்து, வேலை நேரமும் ஊதியப் பிடித்தங்களும் தெளிவான பின் வீடு பார்ப்பது பாதுகாப்பானது. முதல் ஊதியச் சீட்டு கைக்கு வரும் வரை உண்மையான வருமானம் தெரியாது. தேர்ந்த வீட்டிலிருந்து பணியிடத்துக்கு, வேலை நாளின் அதே நேரத்தில், ஒருமுறை சென்று வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பாடி மேம்பாலத்தைக் கடக்கும் நேரத்தை வைத்துத் திங்கட்கிழமையைக் கணிக்க முடியாது. இரவுப் பணி உள்ளவர், குறிப்பாகப் பெண்கள், நிறுத்தத்திலிருந்து வீடு வரையிலான தெருவை இரவு பத்து மணிக்கு மேல் ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும்.

தொழிலாளர் அரசுக் காப்பீடு (இ.எஸ்.ஐ.) பெறுவோர் தம் மருந்தகம் எது என்பதையும் பார்த்துக்கொள்ளலாம். அயனாவரத்தில் இ.எஸ்.ஐ. மருத்துவமனை உள்ளது. குழந்தைகளுடன் வருவோருக்குப் பள்ளியே முதல் அளவுகோலாகிறது. அவர்கள் கல்வியாண்டின் நடுவில் வீடு மாற இயலாததால் முதல் தேர்வில் கூடுதல் கவனம் தேவை.

எந்தப் பகுதியும் எல்லா அளவுகோல்களிலும் நிறைவு தருவதில்லை. வேலையிடத்துக்கு அருகாமை, மழைநீர் தேங்காத தெரு, திரும்பப் பெறத்தக்க முன்பணம் ஆகியவை பின்னர் மாற்ற இயலாதவை. அறையின் அளவு, வண்ணம், தளபாடம் போன்றவை காலப்போக்கில் சரிசெய்யத்தக்கவை. முதலாவது வகையை முதலில் உறுதி செய்துகொண்ட பின்னரே இரண்டாவது வகையைப் பார்ப்பது, குறுகிய காலத்தில் முடிவெடுக்க வேண்டியவருக்கு ஏற்ற வரிசையாகும்.